வருடம் முழுக்க ஒரே பராமரிப்பா? வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தோட்டத்தில் செடிகள் பட்டுப்போவதற்கு அக்கறைக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். தவறாமல் தண்ணீர் ஊற்றி, மாதம் பிறந்தால் உரம் போட்டு, இலை இலையாகப் பார்த்துப் பார்த்து வளர்ப்பவர்களின் தோட்டத்திலும் செடிகள் சோர்ந்து நிற்கின்றன. அவர்கள் செய்யும் வேலையில் குறை இல்லை, செய்யும் காலத்தில்தான் குறை. செடியின் தேவை வெயிலுக்கும் மழைக்கும் குளிருக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. நம் அட்டவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் அப்படியே இருக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

தண்ணீர்: வாடினால் ஊற்று என்பது பாதி உண்மை

கோடையில் நண்பகலில் பூசணி, சுரை, தக்காளி போன்றவற்றின் இலைகள் தொங்கிப்போகும். உடனே குழாயைத் திறந்துவிடுவோம். இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றும் வேகத்துக்கு வேர்களால் ஈடுகொடுக்க முடியாதபோது, மண்ணில் போதுமான ஈரம் இருந்தாலும் இலை தொங்கத்தான் செய்யும். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடிக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் கை முதலில் போக வேண்டியது மண்ணுக்கு, குழாய்க்கு அல்ல. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கியிருக்கலாம். வேர் அழுகிய செடியும் தாகத்தில் இருக்கும் செடியைப் போலவே வாடும். அதற்கு மேலும் நீர் ஊற்றுவதுதான் வீட்டுத் தோட்டங்களில் அதிகச் செடிகளைக் கொல்லும் தவறு என்பேன்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதும் இன்னொரு கெட்ட பழக்கம். மேல் மண் மட்டும் நனைந்தால் வேர்களும் மேலேயே தங்கிவிடும். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி தாங்காது. தரையில் வளரும் செடிகளுக்கு இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுவது நல்லது. தொட்டியாக இருந்தால் அடியிலுள்ள துளை வழியே நீர் வெளிவரும்வரை ஊற்ற வேண்டும். தொட்டி மண் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் சட்டென்று நீரை ஏற்காது. ஓரம் வழியாக வழிந்தோடும் நீரைப் பார்த்து, நனைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டியை அரை மணி நேரம் ஒரு வாளி நீரில் நிறுத்தி வைத்தால் மீண்டும் ஈரம் பிடிக்கும்.

நண்பகலில் இலையில் விழும் நீர்த்துளி பூதக்கண்ணாடிபோல வேலை செய்து இலையை எரித்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 2010-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழுவழுப்பான இலைகளில் உட்காரும் துளிகளால் அப்படி எரிக்க முடியவில்லை. ரோமம் அடர்ந்த இலைகளில் மட்டுமே அதற்குச் சிறிய வாய்ப்பு இருந்தது. எனவே வெயிலில் உண்மையாகவே தவிக்கும் செடிக்கு மாலைவரை காத்திருக்காமல் அப்போதே வேரில் ஊற்றலாம். வழக்கமான பாசனத்துக்குக் காலை நேரமே சிறந்தது. நீர் வீணாவது குறையும், இரவு வருவதற்குள் இலையும் காய்ந்துவிடும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பதும் தலைமுறைகளாகத் தொடரும் நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி கொண்ட ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஈரம் தாங்கிய பிறகுதான் கீழே சொட்டும். ஜல்லி எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு ஈரத்தேக்கம் வேருக்கு அருகே ஏறி வருகிறது. அடித்துளைகள் சரியாக இருந்து, மண் கலவை பொலபொலவென்று இருந்தாலே போதும்.

மழைக்காலத்தில் கை கட்டி நிற்பதும் ஒரு திறமை

மழை பெய்து மண் இளகியதும் கொத்திவிட ஆசை வரும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை அப்படியே கெட்டியாக நின்றால் கொத்த வேண்டாம். விரலால் தட்டியதும் உதிர்ந்தால்தான் மண் தயார். ஈரம் அதிகமான மண்ணைக் கொத்தினாலோ மிதித்தாலோ மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்று வெளிகள் நசுங்கி, காய்ந்த பிறகு கல்போல் இறுகிவிடும். அதைச் சரிசெய்ய ஒரு பருவமே ஆகலாம்.

கனமழைக்கு முந்தைய நாள் உரம் போடுவதும் வீண். தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட் வடிவில் நீரோடு கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். மழை சற்று ஓய்ந்த பிறகு சிறு சிறு அளவாகக் கொடுப்பது மேல். அதேபோல, மழை பெய்கிறதே என்று எல்லாத் தொட்டிகளையும் மறந்துவிடாதீர்கள். கூரை விளிம்புக்கு உள்ளே இருப்பவையும், அடர்ந்த இலைகளே குடையாக மூடியிருப்பவையும் அடைமழையிலும் காய்ந்து கிடக்கும்.

இந்தக் காலத்தில் நாற்று விடுபவர்கள் விதையை நெருக்கமாகத் தூவினால், முளைத்த இரண்டொரு நாளில் தண்டு தரையோடு மெலிந்து சாய்வதைப் பார்க்க நேரும். அது நாற்றழுகல் நோய். பழைய மண், நெருக்கம், ஓயாத ஈரம், காற்றோட்டமின்மை எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. புதிய கலவையில் விதைகளைப் பரவலாக ஊன்றுங்கள். ஊன்றும் ஆழம் விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் நீர் தேங்க விடவே கூடாது. வெப்பமான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் சில வகைக் கொசு முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமலும் தாக்குப்பிடிக்கும்.

பூ உதிர்கிறதா, உரத்தைத் தொடாதீர்கள்

கடும் வெயிலில் தக்காளி பூத்துப் பூத்து உதிரும். சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கூட்டுகிறோம். பகல் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காயாகாமல் உதிர்வது இதனால்தான். அந்த நேரத்தில் தேவைப்படுவது நிழல் வலையும், மண்ணைக் காய்ந்த இலைகளால் மூடும் மூடாக்கும், அப்புறம் கொஞ்சம் பொறுமையும். வெப்பம் தணிந்தால் காய்ப்பு தானே திரும்பும். தவித்துக்கொண்டிருக்கும் செடிக்கு உரம் போட்டால், மண்ணில் உப்புச் செறிவு கூடி வேரிலிருந்தே நீர் இழக்கும் நிலை வரும். காய்ந்த மண்ணில் எந்த உரத்தையும் போடக் கூடாது. முதலில் நீர், பிறகு உரம்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவதும் இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்று. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. ஆனால் மண்ணில் அந்தச் சத்து பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும். அதைக் காய்வரை எடுத்துச் செல்வது நீரோட்டம். ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று ஊற்றினால் அந்த ஓட்டம் அறுபடும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு உடனே பலன் எதிர்பார்ப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான். பெரிய துண்டுகளாகப் போட்ட ஓடு மண்ணில் கரைய வருடக்கணக்காகும்.

பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடுவது அடுத்த தவறு. அது மட்கும்போது வெளிவரும் அம்மோனியா இளம் வேர்களைக் கருக்கும், களை விதைகளும் கிருமிகளும் கூடவே வரும். நன்றாக மட்கிய எருவுக்குச் சாண வாடை இருக்காது, மழை நனைத்த மண்ணின் வாசம்தான் வரும். உண்ணும் செடிகள் வளரும் பாத்தியில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் இயற்கை விவசாயச் சான்றிதழ் விதிகள், மண்ணைத் தொட்டு வளரும் விளைபொருளாக இருந்தால் மட்காத எருவை அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் முன்னதாகவே மண்ணில் கலந்திருக்க வேண்டும் என்கின்றன.

தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் செடி பச்சைப்பசேலென்று செழிக்கும், பூக்கவோ மறுக்கும். கூடவே சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியும் வந்து சேரும், அதற்கு அந்த மெல்லிய தளிர்கள்தான் விருந்து.

கத்தரிக்கோலை எடுக்கும் முன்

கவாத்து செய்ய (கிளைகளை வெட்டிவிட) ஒரே மாதத்தை எல்லாச் செடிக்கும் வைத்துக்கொள்வது பூக்களை இழக்கும் உறுதியான வழி. சில செடிகள் முந்தைய பருவத்தில் வளர்ந்த கிளையில் மொட்டு வைத்து, குளிர் முடிந்ததும் பூப்பவை. அவற்றைக் குளிர்காலத்தில் வெட்டினால் மொட்டோடு வெட்டிவிடுகிறோம். பூத்து முடிந்தவுடன்தான் இவற்றைத் தொட வேண்டும். செம்பருத்தியும் பெரும்பாலான நவீன ரோஜா வகைகளும் புதுத் தளிரில் பூப்பவை. வளர்ச்சி தொடங்கும் நேரத்தில் இவற்றைக் கவாத்து செய்தால் கிளை பெருகும், பூவும் பெருகும். உங்கள் செடி எந்த வகை என்று தெரியவில்லையா? ஒரு வருடம் வெட்டாமல் விட்டு, மொட்டு எந்தக் கிளையில் வருகிறது என்று பாருங்கள். உச்சி வெயில் காலத்தில் மட்டும் எதையும் பலமாக வெட்ட வேண்டாம். அதுவரை நிழலில் இருந்த கிளைகள் திடீரென வெயில் பட்டுக் கருகும்.

மரக்கிளையை வெட்டிய இடத்தில் பெயின்ட், தார் பூசுவது இன்றும் நடக்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, இந்தப் பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். மரம் காயத்தைச் சுற்றித் தானே அரண் எழுப்பிக்கொள்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று தெரியும். அதை அறுக்காமல், நீளமான கட்டையும் விடாமல், வளையத்தை ஒட்டி வெட்டினால் அந்த அரண் விரைவில் மூடும். நோயுற்ற செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் மாறும் வெயில்

குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து நகர்வதால் நிழல்கள் நீளும். கோடையில் ஆறு மணி நேரம் வெயில் பட்ட மூலையில் இப்போது ஒரு மணி நேரம்கூடப் படாமல் போகலாம். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக இந்த வித்தியாசம் கூடும். செடி வளரவில்லை என்று உரம் தேடுவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தொட்டியை நான்கு அடி நகர்த்துவதிலேயே காரியம் முடிந்துவிடலாம். வளர்ச்சி மெதுவாகும் இந்த மாதங்களில் நீரையும் உரத்தையும் குறைக்க வேண்டும்.

உறைபனி விழும் இடங்களில் கருகிய கிளைகளை உடனே வெட்டித் தள்ளாதீர்கள். காய்ந்த மேல்பகுதி அடுத்த பனியிலிருந்து உள்தளிரைக் காக்கும். மேலும், எது உயிரோடு இருக்கிறது என்பது குளிர் விட்டுத் துளிர்த்த பிறகுதான் தெளிவாகும்.

பூச்சியும் மருந்தும்

வறண்ட வெயில் காலத்தில் செஞ்சிலந்தி, இளந்தளிர்க் காலத்தில் அசுவினி, ஈரக் காலத்தில் நத்தை. பருவம் தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும். செஞ்சிலந்தி இலையின் அடிப்புறத்தில் இருக்கும். கடும் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறையே வந்துவிடும் என்பதால் வாரம் இருமுறையாவது இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்டதும் பூச்சிமருந்து அடித்தால், செஞ்சிலந்தியைத் தின்னும் பூச்சிகளும் செத்துத் தொல்லை இரட்டிக்கும். அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுவதே முதல் வைத்தியம். வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு மட்டும் தெளியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும், மருந்தின் வீரியமும் கெடும், தேனீக்களுக்கும் ஆபத்து.

பாத்தி காலியாக இருக்கும் மாதங்கள்

அறுவடை முடிந்த பாத்தியை வெறுமனே விடுவதும் தவறுதான். வெயில் மேல் மண்ணை வறுக்கும், மழை அரித்துச் செல்லும். 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள், அல்லது பசுந்தாள் உரச் செடிகளான சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி மண்ணில் சேருங்கள். செடி இருக்கும் இடத்தில் மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றை நட்டால் மண்ணிலுள்ள நோயும், வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழுவும் இடைவெளியில்லாமல் தொடரும். அங்கே அவரையோ வெண்டையோ வைக்கலாம். ஆனால் நூற்புழு ஏற்கெனவே இருந்தால் வெண்டையையும் தவிர்த்துவிடுங்கள், அதையும் அது விடாது.

மிஞ்சிய விதைகளைத் தாள் உறையோடு தோட்டத்துக் கொட்டகையிலேயே வைப்பவர்கள் அடுத்த பருவத்தில் விதை முளைக்கவில்லை என்பார்கள். விதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த விதிப்படி, விதையின் ஈரப்பதத்தை ஒரு சதவீதம் குறைத்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். வெப்பநிலையை 5 டிகிரி அளவுக்குக் குறைத்தாலும் அப்படித்தான். நிழலில் நன்றாக உலர்த்திய விதைகளைக் காற்றுப்புகாத பாட்டிலில் போட்டு, பெயரும் வருடமும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தக்காளி விதை நான்கைந்து வருடம் வரும். வெங்காய விதையை அடுத்த பருவத்திலேயே விதைத்துவிட வேண்டும். பழைய விதை மேல் சந்தேகம் வந்தால் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் நெருக்கமாக விதையுங்கள், மூன்றுக்கும் கீழே என்றால் புதிது வாங்கிவிடுங்கள்.