ஜீப்புக்குப் பின் பம்பர்: வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் ஓடும் பழைய ஜீப்புகளைப் பின்னால் போய்ப் பாருங்கள். சிலவற்றில் பம்பர் நெளிந்திருக்கும், சிலவற்றில் பம்பரே இருக்காது. நான் முதலில் செய்த பம்பர் மூன்றே மாதத்தில் கழன்று வந்தது. சேற்றில் சிக்கிய கேரட் வண்டியை இழுத்தபோது பம்பர் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருந்த தகடுதான் கிழிந்தது. 3 மி.மீ. தகடு, பக்கத்துக்கு இரண்டே போல்ட். வேறென்ன நடக்கும்?

தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றாலும், பின்விளக்கு, நம்பர் பிளேட், சிவப்பு ரிஃப்ளெக்டர் எதையும் பம்பர் மறைக்கக் கூடாது.

முதலில் அளவு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் விளிம்பு வரப்போகும் இடத்துக்கு ஒரு நூல் பிடியுங்கள். நூல் எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது. அது படுத்துக்கொண்டால், ஓடையில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பம்பர் மண்ணை உழும். அழகுக்காகக் குழாயை சேஸிஸுக்குக் கீழே தொங்கவிடுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை. அளவு சரியென்றால், அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்து வண்டியில் வைத்துப் பாருங்கள்.

இரும்பு வாங்க நான் மேட்டுப்பாளையம் இறங்குவேன். 100 × 50 மி.மீ. செவ்வகக் குழாய், 4 மி.மீ. கனம், மீட்டருக்கு ஏறக்குறைய 9 கிலோ வரும். முழு நீளம் 20 அடி, அதை ஜீப் மேல் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாது. கடையிலேயே வெட்டி வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். வெல்டிங் செய்யும்போது அதிலிருந்து வரும் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும்தான்.

இனி பிடிமானம். பக்கத்துக்கு ஒரு 8 மி.மீ. தகடு, நான்கு எம்12 (12 மி.மீ.) போல்ட், தலையில் வலிமையைக் காட்டும் 8.8 என்று குத்தியிருக்க வேண்டும். கூடியவரை சேஸிஸில் இருக்கும் ஓட்டைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகப் போட வேண்டுமென்றால் சேஸிஸின் பக்கச் சுவரில் மட்டும். மேல், கீழ் விளிம்புகளில் ட்ரில் படக்கூடாது. இழுவைக் கொக்கிக்கு 20 மி.மீ. தகடு. அதைக் குழாயின் முகத்தில் ஒட்டவைத்தால் போதாது. குழாயின் முன்முகம், பின்முகம் இரண்டிலும் பிளவு வெட்டி, தகட்டை ஊடுருவவிட்டு, இரண்டு பக்கமும் வெல்டிங் செய்யுங்கள்.

சரி, வெல்டிங். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். தகடுகளை சேஸிஸில் முடுக்கி, குழாயை ஜாக்கியில் ஏந்தி, மட்டம் பார்த்து டேக் (அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டிங்) மட்டும் அடியுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் பம்பரிலேயே இருக்கட்டும். டீசல் டேங்க் பக்கம் பொறி போகாமல் ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். டேக் பிடித்ததும் முழுதாகக் கழற்றித் தரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டியில் வைத்தே முடிக்க ஆசைப்படாதீர்கள். கழற்றும் முன் இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாக டேக் வையுங்கள். சூட்டில் தகடுகள் உள்வாங்கினால் போல்ட் ஓட்டை சேராது.

வெல்டிங்குக்கு 6013 ரக ராடு, 3.15 மி.மீ. கனம், மெஷினில் 100 முதல் 120 ஆம்பியர். எங்கள் ஊர் மூடுபனியில் ராடு ஈரம் வாங்கிவிடும்; நான் பாக்கெட்டை விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறேன். முதலில் வெட்டித் துண்டாக விழுந்த குழாயில் பழகுங்கள். எண்ணெயில் வடை வேகும் சத்தம் மாதிரி சீராகக் கேட்டால் கை சரியாக இருக்கிறது. விட்டுவிட்டுப் படபடத்தால் ராடு தூரத்தில் இருக்கிறது. ஒட்டிக்கொண்டே இருந்தால் கரண்ட் போதவில்லை. வெல்டிங் மேல் படியும் கசடைத் தட்டிப் பாருங்கள்: கீழே மீன் செதில் போல வரிசை தெரிய வேண்டும். ஊசி குத்தியது போலப் பொத்தல் இருந்தால் கிரைண்டரால் தேய்த்துவிட்டு மறுபடி போடுங்கள், மேலே பூசி மறைக்காதீர்கள்.

ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை முடிக்காமல், இடதில் இரண்டு அங்குலம், வலதில் இரண்டு அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். வெல்டிங் முகமூடியில் 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, காலுக்குக் கீழே காய்ந்த பலகை. ஈரத் தரையில் நின்று ராடு பிடிக்கும் ஹோல்டரைத் தொடாதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

குழாயின் இரு முனைகளையும் மூடும் முன் அடியில் 8 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று கடைசிப் பொத்தல் வழியாக உருகிய இரும்பை ஊதித் தள்ளும். பின்னால் மழைத்தண்ணீர் வடியவும் அதுதான் வழி.

கம்பி பிரஷால் தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். இங்கே ஒரு ராத்திரி பனி போதும், துரு பூத்துவிடும். அப்புறம் மேலே கறுப்பு பெயின்ட். ஒரு வாரம் ஓட்டியபின் போல்ட்களுக்கு மறுபடி ஸ்பேனர் போடுங்கள்; என் வண்டியில் இடதுபக்க மேல் போல்ட் கால் சுற்று வாங்கியது.