கரையை 100 மீட்டராக நறுக்காதீர்கள்: ஏரிக்கரை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரிக்கரை எந்தெந்த இடத்தில் உயிரினங்கள் வாழ ஏற்றது என்று பதிவு செய்யும் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களின் படிவங்களில், நாம் ஒருகாலத்தில் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வருகின்றன. பேனா நனைவது, பேட்டரி தீர்வது போன்றவற்றை விட்டுவிடலாம். ஒருநாள் பட்டால் தானே திருந்திவிடும்.

சம நீளத் துண்டுகள்

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். வரைபடத்தில் கரையை 100 மீட்டர் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உறைவிடத் தரத்துக்கு ஒரு மதிப்பெண். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரு துண்டில் 60 மீட்டர் நாணல், 28 மீட்டர் கான்கிரீட் தடுப்புச்சுவர், 12 மீட்டர் சரளைத்திட்டு இருக்கிறதென்று வையுங்கள். சராசரி ‘நடுத்தரம்’. மீன் முட்டையிடுவது அந்த 12 மீட்டர் சரளையில் என்றால், அது படிவத்திலேயே இல்லை. படகுத்துறைக்கு இடம் தேடுபவர் ‘நடுத்தரம்’ என்பதை நம்பி அங்கேயே தூண் இறக்குவார்.

சுவரின் கேடும் இதில் மறைந்துபோகும். சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமண்ணை அரித்து ஆழமாக்கும். குஞ்சுமீன் ஒதுங்கும் ஆழமற்ற நீர் போய்விடும். சுவர் முடியுமிடத்தில் பக்கத்துக் கரையும் அரிக்கப்படும்.

படகில் கரையோரமாக மெதுவாகச் செல்லுங்கள். செடி, அடிமண், கட்டுமானம் ஆகியவற்றில் எது மாறினாலும் துண்டு அங்கே முடிகிறது. ஜிபிஎஸ் புள்ளி குறியுங்கள். கையடக்கக் கருவி சில மீட்டர் பிசகும் என்பதால் சிறு திட்டுகளை நாடாவால் அளந்து தனியே எழுதுங்கள். கரைமேல் 30 மீட்டர், நீர்விளிம்பு, நீர்ச்செடி முடியும் ஆழம்வரை என மூன்று பட்டைகளுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும்.

பெரிய மட்டிகளைக் கண்டு மகிழ்வது

நன்னீர் மட்டிகளில் (இரட்டை ஓட்டுச் சிப்பிகளில்) பல இனங்கள் பத்தாண்டுகளைத் தாண்டி வாழும். பெரியவை ஏராளம், சிறியது ஒன்றுகூட இல்லையென்றால் இனப்பெருக்கம் எப்போதோ நின்றிருக்கலாம். பெரும்பாலானவற்றின் இளம்புழு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டித்தான் வளரும். அந்த மீன் வராவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. குஞ்சு மட்டிகள் மண்ணுக்குள் இருப்பதால் மேலிருந்து பார்த்து எண்ணினால் தப்பிவிடும். அனுமதி பெற்று, கால் சதுர மீட்டர் பரப்புள்ள சதுரச் சட்டகத்தை மண்மேல் வைத்து, அதற்குள் 10 முதல் 15 செ.மீ. ஆழ மண்ணைச் சலியுங்கள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

நீரில் விழுந்த மரம்

குப்பை அல்ல, உறைவிடம்.

வெட்டிய புல்தரை

பச்சையாக இருக்கிறது, அவ்வளவுதான். கரைமேல் பட்டையில் இயற்கைச் செடியாகக் கணக்கிடாதீர்கள்.

ஈரக் காலணி

அடுத்த ஏரிக்குப் போகுமுன் காலணி, வலை, படகு மூன்றையும் கழுவி, நீரை வடித்து, முழுக்கக் காயவையுங்கள். அயல் இனங்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

அரிய இனத்தின் துல்லிய இடம்

பொதுவில் வெளியிடும் வரைபடத்தில் போடாதீர்கள். பிடிப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள்.