தைபேல சூப் டம்ப்ளிங் சாப்பிடப் போறீங்களா, முதல்ல சட்டையைக் காப்பாத்திக்கோங்க

தைவான் தலைநகர் தைபே போற ஆளுங்க லிஸ்ட்ல டின் தாய் ஃபங்ங்கிற டம்ப்ளிங் ரெஸ்டாரண்ட் கண்டிப்பா இருக்கும். நானும் ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் போயிருந்தப்ப நாலு தடவை போயிட்டேன், அதுல முதல் தடவை சாப்பிட்டதே தப்பாத்தான் சாப்பிட்டேன்னு மூணாவது தடவைதான் புரிஞ்சுது. அதனாலதான் இத எழுதுறேன்.

அங்க எல்லாரும் சாப்பிடுறது சியாவ் லோங் பாவ்ங்கிற சூப் டம்ப்ளிங். சியாவ்னா சின்ன, லோங்னா மூங்கில் கூடை, பாவ்னா பன்னு, அவ்ளோதான் பேரு. பாக்க நம்ம கொழுக்கட்டைக்கு சொந்தக்காரன் மாதிரி இருக்கும், ஆனா கொழுக்கட்டையக் கடிச்சா பூரணம் வரும், இதக் கடிச்சா கொதிக்கிற சூப்பு வரும், சிக்கலே அங்கதான். உள்ள எப்படி சூப்ப ஊத்துறாங்கன்னு நானும் மண்டைய உடைச்சுக்கிட்டேன், ஊத்துறதே இல்ல. பன்றித் தோல ரொம்ப நேரம் கொதிக்க வச்சு அந்தச் சாற ஆறவிட்டா ஜெல்லி மாதிரி கட்டிக்கும், அதப் பொடிசா நறுக்கி கொத்துக்கறியோட பிசைஞ்சு மாவுக்குள்ள வச்சு மடிச்சுடுறாங்க, ஆவில வேகும்போது ஜெல்லி உருகி சூப்பாயிடுது. இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த அயிட்டம் பொறந்த ஊரு தைபே இல்ல, ஷாங்காய் பக்கத்துல நான்ஷியாங். டின் தாய் ஃபங் கதையே வேற, 1958-ல யாங் பிங்யீன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச எண்ணெய்க்கடை அது. டின்ல அடைச்ச எண்ணெய் வந்ததும் வியாபாரம் படுத்துடுச்சு, சரின்னு 1972-ல கடைல பாதிய ஒதுக்கி டம்ப்ளிங் போட ஆரம்பிச்சாங்க, 1993-ல நியூயார்க் டைம்ஸ் உலகத்தோட டாப் பத்து ரெஸ்டாரண்ட்ல ஒண்ணுன்னு எழுதிடுச்சு. எண்ணெய் ஒழுங்கா வித்திருந்தா நமக்கு இது கிடைச்சிருக்காது.

சரி, போறது எப்படி. மெட்ரோல டோங்மென் ஸ்டேஷன்ல இறங்குங்க, அஞ்சாம் நம்பர் எக்ஸிட். பழைய ஒரிஜினல் கடை ஷின்யி ரோட்ல இருக்கு, ஆனா அது இப்ப பார்சல் மட்டும், உக்காந்து சாப்பிட அதே ரோட்ல கொஞ்ச தூரத்துல பெரிய கடை இருக்கு. நிறைய பேரு பழைய கடை வாசல்ல போட்டோ எடுத்துட்டு கதவத் தேடிட்டு நிப்பாங்க, நானும் அதுல ஒருத்தன். எத்தன பேருன்னு சொன்னா டோக்கன் தருவாங்க, ரெண்டு பேருன்னா ஒரு வரிசை நம்பர், பெரிய குரூப்புன்னா வேற வரிசை, அதனால உங்களுக்கு அப்புறம் வந்தவன் முன்னாடி உள்ள போனா சண்டைக்குப் போகாதீங்க. மதியம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு ரெண்டும் வேண்டவே வேண்டாம், மூணு மணிக்குப் போங்க. வெயிட் பண்ற நேரத்துல பக்கத்துல யோங்காங் தெருல ஒரு சுத்து சுத்தலாம், ஆனா அங்க மேங்கோ ஐஸ் கண்ண இழுக்கும், வயித்த நிரப்பிட்டு வந்து நிக்காதீங்க.

கண்ணாடிக்குப் பின்னாடி சமையல் ஆளுங்க வரிசையா நின்னு மடிக்கிறதக் கட்டாயம் பாருங்க. 5 கிராம் மாவு, 16 கிராம் பூரணம், 18 மடிப்பு, இதுதான் அவங்க கணக்கு. ஒருத்தர் மாவ உருட்டுறாரு, இன்னொருத்தர் தராசுல வச்சு எடை பாக்குறாரு, இன்னொருத்தர் விரல் நுனில சுத்தி சுத்தி மடிப்பு வைக்கிறாரு. எங்க பாட்டி மோதகம் பிடிக்கும்போது எண்ணினதே இல்ல, இவங்க எண்ணுறாங்க.

ஆர்டர் பண்றது ஒரு பேப்பர்ல டிக் அடிக்கிறதுதான், படம் போட்ட மெனு இருக்கு, பயப்பட வேணாம். இங்கதான் நான் செஞ்ச முட்டாள்தனம்: பசி வேகத்துல ஒரே மூச்சுல மூணு கூடை, ஃபிரைடு ரைஸ், சூப்பு எல்லாத்தையும் டிக் அடிச்சுட்டேன், எல்லாம் ஒண்ணா வந்து டேபிள்ல குவிஞ்சுது, நான் போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பி, அம்மா என்னடா இதுன்னு கேட்டதுக்கு பதில் டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள மூணாவது கூடை ஆறிப்போச்சு. ஆறினா என்ன ஆகும், மாவுத் தோலு கூடைல ஒட்டிக்கும், தூக்கினா அடி கிழிஞ்சு சூப்பு பூரா கீழ போயிடும், மிச்ச சூப்பும் மறுபடி கெட்டியாகப் பாக்கும், அது ஜெல்லிதானே. அதனால ஒரு கூடை வாங்குங்க, முடிங்க, அடுத்தது சொல்லுங்க. பத்து பத்தாத்தான் வாங்கணும்னு இல்ல, அஞ்சு பீஸ் கூடையும் இருக்கு, தனியாப் போறவங்களுக்கு அதான் சரி. பில்லுல பத்து பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ் சேரும், தனியா டிப்ஸ் வேணாம்.

இப்ப மெயின் மேட்டர். டேபிள்ல நீளநீளமா சீவின இஞ்சி ஒரு குட்டித் தட்டுல வரும், அதுல ஒரு பங்கு சோயா சாஸ், மூணு பங்கு கறுப்பு வினிகர். சோயாவக் கூட்டினா உப்பு மட்டும்தான் நிக்கும். டம்ப்ளிங்க உச்சில, மடிப்பு எல்லாம் சேர்ற கொண்டைல சாப்ஸ்டிக்கால பிடிச்சு மெதுவா மேல தூக்குங்க, அப்ப பாருங்க, அடிப்பக்கம் தண்ணி ரொப்பின பலூன் மாதிரி தொங்கும், தோலு மெல்லிசா உள்ள சூப்பு ஆடுறது லேசாத் தெரியும். இடுப்புல பிடிச்சீங்கன்னா முடிஞ்சது. வினிகர்ல லேசா முக்கி எடுத்து ஸ்பூன்ல உக்கார வைங்க. சீனாக்காரங்க இதுக்கு ஒரு வாய்ப்பாடே வச்சிருக்காங்க: மெல்லத் தூக்கு, மெதுவா நகத்து, முதல்ல ஜன்னலத் திற, அப்புறம் சூப்பக் குடி. ஜன்னல்னா ஓரத்துல பல்லால ஒரு சின்ன ஓட்டை. ஆவி வெளிய வரும், ரெண்டு ஊது ஊதுங்க, சூப்ப உறிஞ்சுங்க, அப்புறம் ரெண்டு துண்டு இஞ்சிய மேல வச்சு மொத்தமா வாயில போடுங்க. கொழுப்பு சூப்புக்கு அந்த இஞ்சியும் புளிப்பும் இல்லன்னா நாலாவதுலயே திகட்டிடும்.

ஜன்னல் திறக்காம கடிச்ச அனுபவமும் உண்டு, அது வேற ஒரு சந்துக்கடைல, முழுசா வாயில போட்டுக் கடிச்சேன், துப்பவும் முடியாம முழுங்கவும் முடியாம கண்ணுல தண்ணி, பாதி சூப்பு எதிர்ல உக்காந்திருந்த ஃப்ரெண்டு சட்டைல. ரெண்டு நாளைக்கு நாக்குல காபி ருசியே தெரியல. கடை மேல தப்பில்ல, நம்ம வாய் மேலதான்.

பன்றி சாப்பிடாதவங்களுக்கு ஒரு விஷயம். நண்டுன்னு போட்டிருந்தாலும் உள்ள பன்றிக்கறி கலந்துதான் இருக்கும், சூப்பே எதுல இருந்து வருதுன்னு மேல சொன்னேன்ல. துபாய் கிளைகள்லயும் இந்தோனேஷியாவுல சில கிளைகள்லயும் பன்றியே இல்லாம சிக்கன்ல பண்றாங்க, அங்க போனா ஜாலியா சாப்பிடலாம். சைவம்னா "சூ"ன்னு சொல்லிக் கேளுங்க, தைவான்ல அந்த வார்த்தை எல்லாருக்கும் தெரியும், காய்கறி காளான் வச்ச டம்ப்ளிங் இருக்கு, வெள்ளரிக்காய் சாலட் அபாரம், ஆனா சூப்பு உள்ள இருக்கிற ஐட்டம் கிடையாது, அத எதிர்பார்த்துப் போய் கோவப்படாதீங்க. ஹாட் அண்ட் சோர் சூப்பு சைவம்னு நினைச்சு வாங்கிடாதீங்க.

பார்சல் வாங்கணும்னு தோணினா ஹோட்டல் ரூம் நடக்குற தூரத்துல இருந்தா மட்டும் வாங்குங்க. இல்லன்னா வேண்டாம், டப்பா திறக்கும்போது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும்.

கடைசியா வயித்துல இடம் இருந்தா சிவப்பு பீன்ஸ் அரைச்சு இனிப்பா வச்ச கூடை ஒண்ணு சொல்லுங்க. நம்ம ஊரு இனிப்புப் பூரணம் மாதிரியே இருக்கும், அதுல சூப்பு இல்ல, ஓட்டை போட வேண்டிய வேலையும் இல்ல. ஆனா ரெண்டு நிமிஷம் ஆறட்டும், அந்தப் பூரணமும் நல்லாவே சுடும்.