மலையூரில் குழந்தைக்குத் தொட்டில் கட்டில் வாங்குவது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் மூத்த மகளுக்காக இணையத்தில் வரவழைத்த வெள்ளை நிறத் தொட்டில் கட்டில், ஐப்பசி மழை தொடங்கிக் கார்த்திகை முடிவதற்குள் கால்களின் அடியில் ஊறிய பிஸ்கட்டைப் போல உப்பிவிட்டது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையின் மேல் மரம்போல் தோன்றும் தாளை ஒட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கச் சட்டத்தைப் பிடித்து லேசாக அசைத்ததும் ஸ்குரூ தன் துளையிலிருந்து தூளோடு வெளியே வந்தது. இரண்டாவது குழந்தைக்கு அதைவிடக் குறைந்த செலவில் உறுதியான கட்டில் வாங்கிய முறையை, முதன்முறையாக வாங்குவோருக்காக வரிசையாக எழுதுகிறேன். கடைகளில் ‘பேபி காட்’ அல்லது ‘கிரிப்’ என்று சொல்லும், நாற்புறமும் தடுப்பு உள்ள, அசையாத கட்டிலைப் பற்றியது இது. தூளியும் ஆடுதொட்டிலும் வேறு.

முதல் படி: இடத்தை அளத்தல்

குழந்தைக்கென்று தனி அறை ஒதுக்கும் வீடுகள் நம் ஊரில் குறைவு; குளிருக்கு எல்லோரும் ஓர் அறையில் படுப்பதே வழக்கம். அது நல்லதும்கூட. குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குழந்தை உறங்க வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்ணை ஒட்டிய பின்சுவரில் ஓதம் ஏறும். அந்தச் சுவரையும், திரைச்சீலைக் கயிறு தொங்கும் ஜன்னலையும், ஹீட்டரையும் தவிர்த்து எஞ்சும் இடத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முழு அளவுக் கட்டிலின் உட்புறம் ஏறத்தாழ 71 × 133 செ.மீ. இருக்கும். இடம் போதாவிட்டால் சிறியதை வாங்கலாம்; ஆனால் அதற்கேற்ற மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாம் படி: அட்டைத் துண்டு

கடைக்குக் கிளம்பும் முன் கெட்டியான அட்டையில் சரியாக 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலின் பக்கத் தடுப்பில் உள்ள பட்டைகளுக்கு நடுவே அதைக் குறுக்காக நுழைத்துப் பார்க்க வேண்டும். அது ஆட்டமில்லாமல் நின்றாலோ நுழையவே மறுத்தாலோ இடைவெளி சரி. இருபுறமும் இடம் விட்டுத் தாராளமாகப் போய்வந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். காரணம் எளிது: இடைவெளி பெரிதாக இருந்தால் கால்களும் இடுப்பும் வழுக்கி வெளியேறிவிடும், தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒரே ஓர் இடைவெளியைச் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது. கையால் செய்த கட்டில்களில் ஒரு பட்டை மட்டும் விலகியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூலைக் கால்களின் உச்சியில் குமிழோ கூர்முனையோ நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைக் கழுத்து அதில் மாட்டும். மெத்தையைத் தாங்கும் அடித்தளத்தை மிகத் தாழ்வாக வைத்தபின் அதிலிருந்து தடுப்பின் மேல்விளிம்பு வரை 60 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: மரமும் மூட்டும்

பணத்தை இங்கேதான் செலவிட வேண்டும். தேக்கு சிறந்தது, ஆனால் கட்டுப்படியாகாது. ரப்பர் மரமும் பைன் மரமும் முறையாகப் பதப்படுத்தியவையாக இருந்தால் போதும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் உள்ளூர் ஆசாரியிடம் செய்யச் சொல்வதும் செலவைக் குறைக்கும் வழிதான். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மரம் அறுத்து எத்தனை மாதம் உலர்ந்தது என்பது. ஈரம் காயாத மரம் பின்னர் சுருங்கும்போது மூட்டு தளர்ந்து, நாம் அளந்த இடைவெளிகளும் மாறிவிடும். மரத்தில் பொடித்துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு இருக்கிறது என்று பொருள்.

வாங்கும் கட்டில் எதுவானாலும் குனிந்து அடிப்புறத்தைப் பாருங்கள். பட்டைகள் சட்டத்தில் துளையிட்டு இறக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து ஆணி மட்டும் அடித்து நிறுத்தியவை நாளடைவில் கழலும். சட்டங்கள் சேருமிடத்தில் போல்ட்டும் நட்டும் இருப்பது நல்லது. அடித்தளம் முழுப் பலகையாக இல்லாமல் இடைவெளி விட்ட பட்டைகளாக இருந்தால் மெத்தையின் அடியில் காற்று போகும், பூஞ்சை பிடிப்பது குறையும். ஒரு பக்கத் தடுப்பை மேலும் கீழும் இறக்கி ஏற்றும் மாதிரிகளை எவ்வளவு வசதி என்று சொன்னாலும் தவிர்த்துவிடுங்கள். அந்தத் தடுப்பு கழன்று குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் அவற்றின் விற்பனையே தடைசெய்யப்பட்டுள்ளது.

நான்காம் படி: பூச்சு

பல் முளைக்கும் குழந்தை மேல்விளிம்பைக் கடிக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உறவினர் வீட்டுப் பரணிலிருந்து வரும் பழைய வண்ணக் கட்டிலைப் பாசத்துக்காக ஏற்க வேண்டாம். ஆசாரி செய்வதானால் உப்புத்தாள் தேய்த்து, சிலாம்பு இல்லை என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பூச்சு வாடை முழுவதும் போன பிறகே வாங்கி வாருங்கள். மூடுபனி நாட்களில் அதற்குக் கூடுதல் காலம் ஆகும்.

ஐந்தாம் படி: மெத்தை

இலவம்பஞ்சு மெத்தையில் குழந்தையின் முகம் புதையும். கையால் அழுத்தி எடுத்தவுடன் பள்ளம் மறைந்துவிடும் அளவுக்குக் கெட்டியான மெத்தையே வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது. தேங்காய் நார் மெத்தை கெட்டியானது, விலையும் குறைவு. ஆனால் வெயில் அடிக்கும் நாளில் தவறாமல் வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும்.

தடுப்பின் உட்புறம் சுற்றிக் கட்டும் பக்க மெத்தை, தலையணை, கொசுவலை விதானம் எல்லாம் சேர்ந்த ‘செட்’ வாங்கச் சொல்வார்கள். முதல் இரண்டும் மூச்சை அடைக்கக்கூடியவை. தலை உருண்டையாக வருவதற்கென்று பாட்டிமார் தைத்துத் தரும் கடுகுத் தலையணையும் உறங்கும் நேரத்தில் வேண்டாம். மார்கழிக் குளிருக்குக் கனத்த கம்பளி போர்த்துவதற்குப் பதிலாக உடைகளை இரண்டு மூன்று அடுக்காக அணிவித்து, மல்லாக்கப் படுக்கவையுங்கள். அறையைச் சூடாக்கக் கரி நெருப்பை உள்ளே வைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. அதன் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

ஆறாம் படி: பூட்டிய பிறகு

கட்டிலின் நான்கு மூலைகளையும் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். குழந்தை தானாக உட்காரத் தொடங்கும் முன்பே அடித்தளத்தைத் தாழ்த்திவிட வேண்டும்; குழந்தையின் உயரம் 89 செ.மீ.யை எட்டினால் கட்டிலை விட்டு மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை போல்ட்டுகளை முறுக்குவேன். அதற்கான ஆலன் சாவி (அறுகோண முனையுள்ள வளைந்த கம்பி) எப்போதும் தொலைந்துபோவதால், அதை ஒரு சிறு பையிலிட்டு, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்கு அடித்த ஆணியில், குழந்தைக்கு எட்டாதபடி மாட்டியிருக்கிறேன்.