சிறுவருக்குத் தச்சுவேலை பழக்கும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

குழந்தைக்கு மரவேலை பழக்க விரும்பும் பெற்றோர் அஞ்சுவதெல்லாம் ரம்பத்தின் பல்லுக்கும் உளியின் முனைக்கும்தான். ஆனால் வேலை பாழாவதும் விரல் நசுங்குவதும் பெரும்பாலும், பிள்ளை கருவியைத் தொடுவதற்கு முன்பே நாம் எடுத்துவிட்ட முடிவுகளால் நேர்பவை.

மரத்திலிருந்தே தவறு தொடங்குகிறது. கதவு, நிலை செய்தபோது மிஞ்சிய தேக்குத் துண்டோ, வைரம் பாய்ந்த வேங்கையோ பரணில் கிடந்தால் அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். என் மகளுக்கு எட்டு வயதில் நானும் அப்படித்தான் கொடுத்தேன். கால்மணி நேரம் அறுத்தும் ரம்பம் கால் அங்குலம்கூட இறங்கவில்லை, மூன்றாவது ஆணியும் வளைந்தபோது அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற மரமே தொடக்கத்துக்கு ஏற்றது. பார்சல் பெட்டிகளுக்குப் பயன்படும் பைன், சில்வர் ஓக் ஆகியவை மலிவாகவும் கிடைக்கும், சிறு கைக்கும் வசப்படும். வெளிநாட்டுச் சரக்குடன் வந்த பெட்டியாக இருந்தால், அதில் குத்தியுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும்: ‘எச்டி’ (HT) என்னும் ஆங்கில எழுத்துகள் வெப்பத்தால் பூச்சி நீக்கியதையும், ‘எம்பி’ (MB) என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் நீக்கியதையும் குறிக்கும், இரண்டாவது வகையைத் தொடாமல் விடுவதே நல்லது. பழைய வர்ணம் பூசிய ஜன்னல் பலகையும் வேண்டாம். வீட்டு வர்ணங்களில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூசில் ஈயம் இருக்கக்கூடும்.

அடுத்தது, ‘பாதுகாப்பானது’ என்று எண்ணி மழுங்கிய கருவியைக் கொடுப்பது. மழுங்கிய ரம்பத்தை முழுப் பலத்தோடு அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தும் கை வழுக்கும். வழுக்கிய பிறகு அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூர்மையான கருவியோ தன் எடையிலேயே பாதி வேலையைச் செய்துவிடும். கருவியின் அளவும் பிள்ளைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். பெரியவர்களின் சுத்தியல் ஏறக்குறைய 450 கிராம் இருக்கும். ஏழெட்டு வயதுக்கு அதில் பாதி எடை போதும். ரம்பம் ஓரடிக்கு மேற்படாமல், முதுகில் இரும்புப் பட்டை வைத்ததாக இருந்தால் தகடு நெளியாது. கையுறை மாட்டிவிடுவதும் உதவாத அக்கறைதான்: தொளதொளத்த கையுறைக்குள் பிடி நழுவும். கண்ணைக் காக்கும் கண்ணாடி அப்படியல்ல, அது கட்டாயம் வேண்டும், அதுவும் பிள்ளையின் முகத்தில் நிற்கிற அளவில்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, மரத்தைக் கையாலேயே பிடித்துக்கொண்டு அறுக்கவிடுவது. துண்டு அசைந்தால் ரம்பம் துள்ளும். ஒரு கையால் மரத்தையும் மறுகையால் ரம்பத்தையும் கட்டுப்படுத்தும் வலிமை சிறுவருக்கு இராது. மரத்தை மேசை விளிம்பில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே ரம்பத்தைக் கையில் கொடுக்க வேண்டும். பிறகு பென்சில் கோட்டின் ஓரமாக ஒரு சிறு கட்டையை வைத்து, அதன் பக்கவாட்டில் தகட்டைச் சாய்த்து, முதலில் இரண்டு மூன்று முறை பின்னோக்கி மட்டும் இழுக்கச் சொல்ல வேண்டும். மெல்லிய பள்ளம் விழுந்த பிறகு ரம்பம் அந்தத் தடத்திலேயே ஓடும். மேசை உயரமாக இருந்தால் பிள்ளைக்குத் தோளில்தான் வலி வரும். நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு நிற்கும் உயரமே சரியானது.

ஆணியைப் பலகையின் நுனியை ஒட்டி அடித்தால் மரம் பிளக்கும். ஆணியைத் தலைகீழாக நிறுத்தி அதன் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடிக்கும் தச்சர் பழக்கம் இதற்காகத்தான்: மழுங்கிய முனை நாரைப் பிளக்காமல் நசுக்கிக்கொண்டு இறங்கும். சிறுவர் ஆணியை விரலால் பிடிக்காமல், துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் பொருளாகப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். பார்வைக்கு எளிதுதான், ஆனால் நான்கு பக்கமும் ஒரே அளவில் அறுபட்டு, நான்கு மூலையும் மட்டத்தில் சேர்ந்தால்தான் அது பெட்டி. ஒரே பலகை, இரண்டு அறுப்பு, நான்கு கொக்கி கொண்ட சாவி மாட்டும் பலகையில் கோடு சற்றுக் கோணினாலும் பயன் கெடாது, ஒரே மாலையில் முடிந்தும்விடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடனின் நேஸ் என்னும் இடத்தில் ஆசிரியர்களுக்குக் கைவேலை பயிற்றுவித்த ஓட்டோ சாலமன், மாணவர் செய்யும் ஒவ்வொன்றும் வீட்டில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்றும், எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏற வேண்டும் என்றும், மாணவரின் வேலையில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது என்றும் வலியுறுத்தினார்.

இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் நமக்குக் கடினம். பிள்ளை தூங்கிய பிறகு கோணலை இழைத்துச் சரிசெய்யும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. மறுநாள் காலையில் அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். என் மகள் செய்த பலகையில் மூன்றாவது கொக்கி இன்றும் ஒரு விரற்கடை இறங்கியே இருக்கிறது. வண்டிச் சாவியை அதில்தான் மாட்டுகிறோம்.