வேலையை மாற்றி நர்ஸ் ஆக: அமெரிக்காவில் கட்டுப்படியாகும் ஏபிஎஸ்என் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வேறு துறையில் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர், அமெரிக்காவில் ஆர்என் (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) லைசென்ஸுடன் நர்ஸ் ஆவதற்கான வேகமான வழி ஆக்சிலரேட்டட் பிஎஸ்என் (பிஎஸ்என் என்பது நர்சிங் இளநிலைப் பட்டம்). சுருக்கமாக ஏபிஎஸ்என். நான்கு வருட நர்சிங் படிப்பில் பொதுப்பாடங்களைக் கழித்துவிட்டு, நர்சிங் பாடங்களையும் ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் 11 முதல் 18 மாதத்துக்குள் அடைத்துத் தருவார்கள். எழுதும் தேர்வும் கிடைக்கும் லைசென்ஸும் நான்கு வருடம் படித்தவருக்கு உள்ளவையேதான். கட்டணத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் 30,000 டாலரில் முடிகிற படிப்புக்கு, தனியார் கல்லூரியில் 70,000, 80,000 என்று கேட்பது சாதாரணம்.

அதனால் கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்களான ப்ரீரெக்விசிட்டுகளில் முதலாவதுக்குப் பணம் கட்டும் நாள் தொடங்கி லைசென்ஸ் கைக்கு வரும் நாள் வரை ஆகும் மொத்தச் செலவுதான் உண்மையான விலை.

"12 மாதம்" எங்கே தொடங்குகிறது?

விளம்பரத்தில் சொல்லும் மாதக்கணக்கு, நர்சிங் பாடம் ஆரம்பிக்கும் நாளிலிருந்துதான் ஓடும். அதற்கு முன்பே உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், சத்துணவியல், பிறப்பிலிருந்து முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல் ஆகியவற்றை முடித்திருக்கச் சொல்வார்கள். பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். ஐடியிலிருந்தோ கணக்கியலிலிருந்தோ வருகிறவருக்குப் பெரும்பாலும் புள்ளியியல் ஒன்றுதான் கழியும். உடற்கூறியல் முதல் பாகத்தை முடித்தால்தான் இரண்டாம் பாகம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் முடிக்கவும் முடியாது. ஒரு வருடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பல கல்லூரிகள் அறிவியல் பாடங்களுக்கு ஐந்து அல்லது ஏழு வருடக் காலாவதி வைத்திருக்கின்றன. பதினைந்து வருடத்துக்கு முன் படித்த நுண்ணுயிரியல் அங்கே செல்லாது.

இந்தப் பாடங்களைச் சேரப்போகும் தனியார் பல்கலைக்கழகத்திலேயே எடுக்கச் சொல்லி வலியுறுத்துவார்கள். அவசியமில்லை. அவர்கள் ஏற்றுக்கொள்கிற கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த இரண்டு வருடக் கல்லூரி) எடுங்கள். கலிஃபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர்தான். ஐந்து யூனிட் உடற்கூறியல் பாடம் 230 டாலருக்கு முடிந்துவிடும். இணையவழி லேப் செல்லுமா என்பதை மட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பலர் சறுக்குவது இந்தக் கட்டத்தில்தான். வேலையையும் பார்த்துக்கொண்டு, சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் இரண்டு மூன்று லேப் பாடங்களை ஒன்றாக எடுத்து, உடற்கூறியலில் சி கிரேடு வாங்குவார்கள். கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகங்களில்தான் போட்டி அதிகம். அங்கே அந்த சி எடுபடாது. மறுபடி எழுதினாலும் சில கல்லூரிகள் இரண்டு முயற்சிகளின் சராசரியைத்தான் எடுத்துக்கொள்ளும். கடைசியில் கதவு திறந்திருப்பது 80,000 டாலர் கல்லூரியில் மட்டும்தான். ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆனாலும் ஏ அல்லது பி வாங்குவதுதான் இந்தப் பாதையிலேயே பெரிய சேமிப்பு.

நுழைவுத் தேர்வாக டீஸ் அல்லது ஹெசி ஏ2 கேட்பார்கள். டீஸ் 170 கேள்விகள், 209 நிமிடம். இரண்டில் எது என்பதைக் குறிவைத்த கல்லூரிகளைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இந்தியப் பட்டம் உள்ளவர்கள் கவனிக்க

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ், இசிஇ போன்ற நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். பொதுவான மதிப்பீடு போதாது. ப்ரீரெக்விசிட்டைக் கழிக்க ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டும் கிரேடும் தேவை. பி.இ., பி.டெக். போன்ற நான்கு வருடப் பட்டத்தில் சிக்கல் வருவது அரிது. மூன்று வருட பி.காம்., பி.எஸ்சி. பட்டங்களை அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமாக எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. மேலே முதுநிலைப் பட்டம் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஏற்பவர்கள் உண்டு. எந்த நிறுவனத்தின் மதிப்பீடு வேண்டும் என்று கல்லூரியிடம் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

எச்1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கான எச்4 விசாவில் இருப்பவர்கள் விசா மாற்றாமலே படிக்கலாம். ஆனால் படித்து முடித்து வேலை பார்க்க அனுமதி வேண்டும். எச்1பி துணைவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக முதலாளி தரும் மனு) அங்கீகரிக்கப்பட்டிருந்தாலோ, அவர் ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிப்பு பெற்றிருந்தாலோதான் எச்4 இஏடி என்ற அந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பெரிய தொகையைக் கட்டுவது ஆபத்து. மாநிலவாசிக் கட்டணம் கிடைக்குமா என்பதைக் கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் கேளுங்கள். வழக்கமாக 12 மாதம் அந்த மாநிலத்தில் வசித்ததற்கான சான்று கேட்பார்கள்.

அங்கீகாரம்: இரண்டு இடத்தில் பாருங்கள்

முதலாவது, மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல். இது இல்லாவிட்டால் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வே எழுத முடியாது. இரண்டாவது, நர்சிங் படிப்புக்கென்று தனியாக உள்ள அங்கீகாரம்: சிசிஎன்இ, ஏசிஇஎன், என்எல்என் சிஎன்இஏ மூன்றில் ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு உள்ள பொது அங்கீகாரத்தைக் காட்டி இதைப் பூசி மெழுகுவார்கள். இரண்டாவது இல்லாமலும் லைசென்ஸ் வாங்க முடிகிற மாநிலங்கள் உண்டு. ஆனால் பிறகு முதுநிலை நர்சிங் சேரும்போதும், முன்னாள் படைவீரர்களுக்கான விஏ ஆஸ்பத்திரிகளில் வேலை கேட்கும்போதும் இடிக்கும். கல்லூரியின் இணையதளத்தை நம்பாமல், போர்டின் பட்டியலிலும் அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலிலும் நீங்களே தேடுங்கள்.

இது வீண் எச்சரிக்கை அல்ல. 2023 ஜனவரியில் வெளியான 'ஆப்பரேஷன் நைட்டிங்கேல்' வழக்கில், ஃபுளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது தெரியவந்தது. ஆஸ்பத்திரிப் பயிற்சியே இல்லாமல் சான்றிதழ் தருகிறோம் என்றால் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

வேறு மாநிலக் கல்லூரி நடத்தும் இணையவழி ஏபிஎஸ்என் என்றால், உங்கள் மாநிலத்தில் க்ளினிக்கல் பயிற்சி நடத்த அதற்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேர்ச்சி விகிதம் சொல்லாத கதை

என்கிளெக்ஸ் முதல் முயற்சித் தேர்ச்சி விகிதத்தைப் பல மாநிலப் போர்டுகள் கல்லூரிவாரியாக வெளியிடுகின்றன. டெக்சாஸில் 80 சதவீதத்துக்கும் கலிஃபோர்னியாவில் 75-க்கும் கீழே போனால் கல்லூரி போர்டின் கண்காணிப்புக்கு ஆளாகும். நீங்கள் தேடுவது 90-ஐ ஒட்டி, மூன்று நான்கு வருடமாக நிலையாக இருக்கும் இடத்தை.

ஆனால் அந்த எண் மட்டும் போதாது. 60 பேர் சேர்ந்து, 40 பேர் முடித்து, அதில் 38 பேர் முதல் முயற்சியில் தேறினால் கல்லூரி 95 சதவீதம் என்று போட்டுக்கொள்ளும். சேர்ந்தவர்களில் முதல் முயற்சியில் தேறியது 63 சதவீதம்தான். முடிக்காமல் போன 20 பேருக்கு மிஞ்சியது பெரும்பாலும் கடன். தேர்ச்சி விகிதம் குறையாமலிருக்க, பலவீனமானவர்களை நடுவிலேயே வடிகட்டுவதும், இறுதியில் ஒரு எக்சிட் தேர்வு வைத்து அதில் தேறாதவர்களை நிறுத்திவைப்பதும் நடக்கிறது. ஆகவே உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். நழுவலான பதில் வந்தால் அதுவே பதில்.

மாணவர் கையேட்டையும் சேர்வதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். தேர்வுச் சராசரி 75 அல்லது 77-க்குக் கீழே போனால் பாடத்தில் தோல்வி. இரண்டு பாடத்தில் தோற்றால் வெளியேற்றம் என்பது பரவலான விதி. மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90, சில இடங்களில் 100 சதவீதம் வேண்டும். ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த தொகுதி மாணவர்களோடு சேர எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது முக்கியம். வருடத்துக்கு ஒரே தொகுதி எடுக்கும் கல்லூரியில் அது ஒரு வருடம்.

கணக்கு

ஒரு தாளில் கல்லூரிக்கு ஒரு பத்தி போட்டு எழுதுங்கள். ப்ரீரெக்விசிட், டியூஷன் (கல்லூரியின் படிப்புக் கட்டணம்), மற்ற எல்லாக் கட்டணங்களும், பரீட்சைப் பயிற்சித் தொகுப்பு, காப்பீடு, க்ளினிக்கலுக்குக் கார் ஓட்டும் செலவு, அதோடு படிக்கும் மாதங்களுக்கான வீட்டுச் செலவு. வாரத்துக்கு 40 முதல் 60 மணி நேரம் படிப்பே எடுத்துக்கொள்ளும். முழுநேர வேலையை விட்டே ஆக வேண்டும். இழக்கும் சம்பளம் பலருக்கு டியூஷனைவிடப் பெரிய தொகை.

அப்படியானால் சீக்கிரம் முடிகிற விலையுயர்ந்த படிப்பு லாபம்தானே என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம். 18 மாதப் படிப்பு 32,000, 12 மாதப் படிப்பு 68,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 36,000. 2024 அரசுக் கணக்கின்படி ஆர்என்களின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 93,600 டாலர். ஆறு மாதம் முந்தினால் 46,800. வரி போனால் கிட்டத்தட்ட அந்த 36,000-தான் நிற்கும். புதிதாகச் சேருகிறவருக்கு இடைநிலையைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். கடன் வாங்கியிருந்தால் வட்டி வேறு. மலிவான கல்லூரியில் இடம் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றால் மட்டுமே கணக்கு திரும்பும்.

கடன் பக்கம்: குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் ஃபெடரல் கல்வி உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ விண்ணப்பத்தை நிரப்பலாம், எச்4 விசாவினருக்கும் எஃப்1 மாணவர் விசாவினருக்கும் ஃபெடரல் கடன் இல்லை. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருப்பதால் பெல் கிராண்ட் என்ற ஃபெடரல் உதவித்தொகை கிடைக்காது. வெளிநாட்டுப் பட்டத்துக்கும் பொதுவாக இதே விதிதான். சுயசார்பு மாணவருக்கான ஃபெடரல் இளநிலைக் கடன் ஒரு கல்வியாண்டுக்கு 12,500, வாழ்நாள் உச்சம் 57,500 டாலர். முன்பு அமெரிக்காவில் வாங்கிய இளநிலைக் கடனும் அந்த உச்சத்துக்குள் அடங்கும். மிச்சத்துக்குத் தனியார் கடன் என்று கல்லூரி கை காட்டினால் அதுதான் எழுந்து வரவேண்டிய இடம். நேரடியாக முதுநிலை நர்சிங் சேரலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு முதுநிலைப் படிப்புக்கான கிராட் பிளஸ் ஃபெடரல் கடன் கிடையாது.

குறைக்க வழிகள் சில உண்டு. ஃபெடரல் அரசின் நர்ஸ் கோர் ஸ்காலர்ஷிப் டியூஷனோடு மாதப்படியும் தரும்; பதிலுக்குப் பற்றாக்குறை உள்ள மருத்துவ நிலையத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். ப்ரீரெக்விசிட் படிக்கும் வருடத்தில் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தால், கல்வி உதவித் திட்டம் உள்ள முதலாளி வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் தர முடியும்.

கம்யூனிட்டி காலேஜ் என்ற மாற்று

வேகத்தைவிடப் பணம்தான் பிரச்சினை என்றால் ஏடிஎன் என்ற அசோசியேட் பட்ட நர்சிங் படிப்பை ஒதுக்காதீர்கள். இரண்டு வருடம், அதே என்கிளெக்ஸ், அதே ஆர்என் லைசென்ஸ். கலிஃபோர்னியாவில் 70 யூனிட்டுக்கு டியூஷன் 3,220 டாலர்தான். பிறகு வேலை பார்த்துக்கொண்டே, முதலாளி உதவியோடு பிஎஸ்என் முடிக்கலாம். குறைகளும் உண்டு. காத்திருப்புப் பட்டியலும் குலுக்கலும் இருக்கும், பெருநகர ஆஸ்பத்திரிகள் பிஎஸ்என் கேட்கும். நியூயார்க்கில் 2017-ல் வந்த சட்டப்படி, புதிய ஆர்என்கள் பத்து வருடத்துக்குள் பிஎஸ்என் முடித்தாக வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு

க்ளினிக்கல் தொடங்கும் முன் தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மூன்று டோஸ் ஹெபடைடிஸ் பி ஊசி முடிய ஆறு மாதமாகும். கடிதம் வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். சிறுவயதில் பிசிஜி போட்டவர்களுக்குக் காசநோய் தோல் பரிசோதனை பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். தோல் பரிசோதனைக்குப் பதில் ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்; இல்லாவிட்டால் எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைய வேண்டிவரும்.

சேர்க்கைக் கடிதத்தோடு முன்பணம் கேட்பார்கள். பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஃபோனில் அவசரப்படுத்துகிறவர் கல்லூரியின் ஆளாக இல்லாமல், கல்லூரிக்காக ஆள் சேர்க்கும் நிறுவனத்தின் ஊழியராகவும் இருக்கலாம். டியூஷனில் 100, 75, 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதிகளை எழுத்தில் வாங்கி, முதல் தேர்வு நடக்கும் தேதியோடு ஒப்பிடுங்கள். சில கல்லூரிகளில் முதல் மதிப்பெண் வருவதற்கு முன்பே அந்தத் தேதிகள் எல்லாம் கடந்துபோயிருக்கும்.