குடற்புழுவோடு மல்லுக்கட்டும் செம்மறிக்குக் கைகொடுப்பது எப்படி

மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். மேய்ந்து வாழும் செம்மறியின் வயிற்றில் புழு இருக்கத்தான் செய்யும். மந்தையில் நாலில் ஒரு பங்கு ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன, மீதி ஆடுகள் தாமாகவே சமாளித்துக்கொள்கின்றன. அந்தச் சில ஆடுகளை அடையாளம் காண்பதுதான் நம் வேலை.

ஆடு எப்படிச் சமாளிக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகப் புழு உள்ளே போகப் போக உடம்பு அதை எதிரியென்று தெரிந்துகொள்கிறது. வயிற்றுச் சவ்வு கூடுதலாகச் சளி சுரந்து இளம்புழுவை ஒட்டவிடாமல் தள்ளும், இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் பெருகும், அதையும் மீறித் தங்கிய புழு சரியாக வளராது, முட்டையும் குறைவாகவே இடும். ஆனால் இந்தத் திறன் ஒரே நாளில் வருவதில்லை. பால் மறந்த குட்டிக்கு இது தேறப் பல மாதங்கள் ஆகும். தாய் ஆட்டுக்கோ, ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பால் கொடுக்கும் முதல் ஆறேழு வாரம் வரை எதிர்ப்பு தளர்ந்துபோகும். சத்தெல்லாம் குட்டிக்கும் பாலுக்கும் போய்விடுகிறதே! அந்த நேரத்தில் அது போடும் புழுக்கையில் முட்டை ஏராளமாக வெளியேறும், அதே புல்லைத்தான் குட்டியும் கடிக்கப் பழகும். அதனால் கண்காணிப்பு முழுவதையும் இந்த இரண்டு கூட்டத்தின் மேல் வையுங்கள்.

சரி, இமைக்கு வருவோம். செம்மறியை அதிகம் கொல்வது ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழு. நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை வீணாக்கும், 5,000 புழு சேர்ந்தால் கால் லிட்டர் போய்விடும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். இந்தப் புழுவின் தாக்கம் முற்றினால்கூடப் பல ஆடுகளுக்குக் கழிச்சல் வராது, புழுக்கை உருண்டையாகவே விழும், அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரத்தம் குறைந்தால் இமையின் உள்சவ்வு வெளுக்கும்; அந்த நிறத்தை ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட உதவும் ஃபமாச்சா என்ற வண்ண அட்டை தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே உருவானது. பகல் வெளிச்சத்தில் மேல் இமையை மூடி மெதுவாக அழுத்தி, கீழ் இமையை இறக்கினால் உள்சவ்வு பிதுங்கி வரும். சட்டென்று பார்த்துவிடுங்கள், நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் நிறம் மாறிவிடும். நல்ல சிவப்பு என்றால் 1, வெள்ளைத் துணிபோல் வெளுத்திருந்தால் 5. 4, 5 வந்தால் கட்டாயம் மருந்து, 3 வந்தால் குட்டிக்கும் மெலிந்த ஆட்டுக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுத்துவிடலாம், 1, 2-ஐத் தொடாதீர்கள். ஈரமும் வெப்பமும் உள்ள பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

தாடையின் கீழ் பை தொங்குவதுபோல் நீர் கோர்த்து, தலை குனிந்து மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும்போது பெரிதாகத் தெரிந்து, காலையில் வடிந்திருந்தால் இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த ஆட்டை மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். வேறு சில புழுக்கள் இரத்தம் குடிக்காமல் கழிச்சலையும் மெலிவையும் கொடுக்கும், அவற்றை இமை காட்டாது. வாலடி அழுக்கு, எடை, சாணப் பரிசோதனை மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஈரல் தட்டைப்புழுவாலும் இமை வெளுக்கும், சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுவதே நல்லது.

மருந்து புகட்டும்போது எடையை உத்தேசமாகச் சொல்லாதீர்கள், தராசில் நிறுத்துங்கள். அளவு குறைந்தால் தாங்கும் புழு மட்டும் பிழைத்துப் பெருகும். லெவமிசோல் என்றால் அளவு கூடினாலும் ஆபத்து. ஆல்பென்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கவே கூடாது. தலையை அண்ணாந்து தூக்காமல் நேராகப் பிடித்து, வாயோரமாகக் குழலை நுழைத்து, நாக்கின் பின்பக்கத்தில் மெதுவாக விடுங்கள், அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். இறைச்சிக்கும் பாலுக்கும் எத்தனை நாள் விலக்கு என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, அன்றே புதுப் புல்வெளிக்கு ஓட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. மருந்துக்குச் சாகாத புழு மட்டும் அந்தப் புதுத் தரையை நிரப்பும், அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. மருந்து படாத ஆட்டின் புழுக்கள் இருந்தால்தான் எதிர்ப்புள்ள புழுக்கள் அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும். மருந்து பலித்ததா என்று தெரிய, கொடுக்கும் அன்றும் இரண்டு வாரம் கழித்தும் முட்டை எண்ணச் சொல்லுங்கள், 95 சதவீதம் குறையவில்லை என்றால் புழுவுக்கு அந்த மருந்தைத் தாங்கும் எதிர்ப்பு வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் மேய்ச்சல். இளம்புழு ஈரத்தில் ஊர்ந்து ஏறினாலும் பெரும்பாலும் தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கும். புல் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததும் ஆட்டை நகர்த்திவிடுங்கள், ஒட்டக் கடிக்க விடாதீர்கள். துவர்ப்புள்ள தழைகளைக் கொறிக்க விடலாம், அதிலுள்ள டானின் ஓரளவு உதவும். எனக்குக் கேட்டால் இதைவிட முக்கியம் புரதம்: கடைசி மாதச் சினை ஆட்டுக்கும் பாலூட்டும் ஆட்டுக்கும் கூடுதலாகப் புரதத் தீவனம் கொடுத்தால் அதன் எதிர்ப்பு அவ்வளவு தளராது, முட்டையும் குறையும்.

ஒரு நோட்டில் காது எண், தேதி, இமை மதிப்பெண், மருந்து எல்லாம் குறித்துவாருங்கள். ஒரே பருவத்தில் மூன்றாம் முறை மருந்து கேட்கும் பெட்டையின் குட்டியை இனத்துக்கு நிறுத்தாதீர்கள். கிடா எடுக்கும்போது கொழுகொழுவென்று இருந்தாலும் சாணத்தில் முட்டை எண்ணிப் பாருங்கள், ஏனென்றால் சில ஆடுகள் புழுவைச் சுமந்துகொண்டே திடமாக நிற்கும், புல்வெளி முழுவதும் முட்டை விதைத்துக்கொண்டே போகும்.